வேகக் கணக்கில் விடை தப்பினால், எத்தனை மடங்கு தப்பியது என்று பாருங்கள்

வேகக் கணக்கு ஒன்றைப் போட்டு முடித்துவிட்டீர்கள். புத்தகத்தின் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் விடை வேறு. இந்த இடத்தில் பலரும் செய்வது, போட்டதை அடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி போடுவது. மறுபடியும் அதே விடைதான் வரும். பெருக்கலில் தப்பில்லையே, எத்தனை தடவை பெருக்கினாலும் அதேதானே வரும்! தப்பு அலகில் இருக்கிறது.

அதனால் தப்பான விடையை அழிக்காதீர்கள். அதைச் சரியான விடையால் வகுத்துப் பாருங்கள். 3.6 வருகிறதா, 60 வருகிறதா, 12.96 வருகிறதா, 0.6 வருகிறதா? எந்த அலகை மாற்ற மறந்தீர்கள் என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். கைரேகை மாதிரி ஒவ்வொரு அலகுப் பிழைக்கும் அதற்கே உரிய எண் ஒன்று உண்டு. உங்களுக்கு வந்த எண் எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். வகுத்து வந்த எண் 0.278 மாதிரி 1-ஐவிடச் சின்னதாக இருந்தால் (0.6 மட்டும் விலக்கு, அதற்குத் தனிப் பகுதி உண்டு) பயப்பட வேண்டாம். 1-ஐ அதனால் வகுங்கள், 3.6 வரும். தூரம் கேட்ட கணக்கில் விடையை 3.6 மடங்கு பெரிதாக்கும் அதே பிழை, நேரம் கேட்ட கணக்கில் 3.6 மடங்கு சிறிதாக்கிவிடும். அங்கே வேகம் வகுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டும் ஒரே நோய்.

3.6 வந்தால்: மாற்றவே மறந்துவிட்டீர்கள்

மணிக்கு 72 கி.மீ வேகத்தில் போகும் ரயில் 15 நொடியில் எவ்வளவு தூரம் போகும்? 72 × 15 = 1080 என்று பெருக்கி, பக்கத்தில் "மீட்டர்" என்று எழுதியிருப்பீர்கள். சரியான விடை 300 மீட்டர். 1080 ÷ 300 = 3.6.

72 என்பது ஒரு மணி நேரத்துக்குச் சொன்ன எண். 15 என்பது நொடி. இரண்டையும் பெருக்கினால் எண் வரும், ஆனால் அந்த எண்ணுக்கு மீட்டர் என்ற அலகு எங்கிருந்தும் வரவில்லை. நாமாக ஒட்டியது அது. கேள்வியில் "எத்தனை மீட்டர்" என்று கேட்டிருப்பதால் கை தானாக எழுதிவிடுகிறது.

சரி செய்யும் வழி, அலகையும் எண்ணோடு சேர்த்தே கூட்டிக்கொண்டு போவது:

72 கி.மீ/மணி = 72 × 1000 மீ ÷ 3600 நொடி = 20 மீ/நொடி

20 மீ/நொடி × 15 நொடி = 300 மீ

இரண்டாவது வரியில் கீழே ஒரு நொடி, மேலே ஒரு நொடி. இரண்டும் அடிபட்டு மீட்டர் மட்டும் மிஞ்சுகிறது. இப்படி அடிபட்டு, கேட்ட அலகு தானாக மிஞ்சினால்தான் எண்ணை நம்பலாம். பழைய வழியில் எழுதிப் பார்த்தால் 72 கி.மீ/மணி × 15 நொடி என்று நிற்கும். மணியும் நொடியும் அடிபடாது. அங்கேயே பிழை கண்ணில் பட்டுவிடும்.

கேள்வித்தாள் தயாரிப்பவர்களின் பழக்கம் ஒன்று இங்கே உதவும். வேகம் 18, 36, 54, 72, 90, 108 என்று 18-இன் மடங்காக இருந்தால் அவர்கள் மாற்றச் சொல்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். இவை வரிசையாக 5, 10, 15, 20, 25, 30 மீ/நொடி ஆகும். முழு எண்ணாக வரட்டும் என்று பார்த்துப் பொறுக்கி வைத்தவை. நிஜ வாழ்க்கையில் யாரும் மணிக்கு 54 கி.மீ என்று குறிவைத்து வண்டி ஓட்டுவதில்லை.

12.96 வந்தால்: தலைகீழாக மாற்றிவிட்டீர்கள், அல்லது வர்க்கம் இருக்கிறது

இந்த எண்ணுக்கு இரண்டு காரணம் உண்டு. இரண்டுமே 3.6 × 3.6 என்பதால்தான் ஒரே எண்ணாக வருகிறது.

கி.மீ/மணியை மீ/நொடியாக்க 1000/3600-ஆல், சுருக்கினால் 5/18-ஆல், பெருக்க வேண்டும். முதல் காரணம் அந்த 5/18-க்குப் பதில் 18/5-ஆல் பெருக்கியது. மணிக்கு 18 கி.மீ வேகத்தில் சைக்கிளில் போகிறவர் 100 மீட்டரைக் கடக்க எத்தனை நொடி? 18 × 18/5 = 64.8 மீ/நொடி என்று மாற்றினால் விடை 1.54 நொடி. உசைன் போல்ட் 2009-இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடினார். அதற்கே உலகம் வாயைப் பிளந்தது. நம் சைக்கிள்காரர் ஒன்றரை நொடியில் கடந்துவிட்டார் என்று விடைத்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். சரியான வேகம் 5 மீ/நொடி, விடை 20 நொடி. 20 ÷ 1.54 போட்டால் ஏறக்குறைய 12.96.

5/18-ஐ மனப்பாடம் செய்ய வைப்பது எனக்குப் பிடிக்காத விஷயம். பின்னம் நினைவில் நிற்கும், எந்தப் பக்கம் மேலே என்பது நிற்காது. அதைவிட "3.6" என்ற ஒரே எண்ணையும், மீ/நொடியில் எண் எப்போதும் சின்னது என்பதையும் நினைவில் வைத்தால் போதும். சின்னதாக வேண்டுமென்றால் வகு, பெரிதாக வேண்டுமென்றால் பெருக்கு.

ஏன் சின்னது? கிலோமீட்டரை மீட்டராக மாற்றும்போது எண் 1000 மடங்கு பெரிதாகிறது. மணியை நொடியாக மாற்றும்போது 3600 மடங்கு சிறிதாகிறது. இரண்டும் எதிரெதிராக இழுத்தால் 3600 தான் ஜெயிக்கும். இதை ஒரு தடவை யோசித்துப் பார்த்துவிட்டால் அப்புறம் தலைகீழாகப் போட மனம் வராது.

இரண்டாவது காரணம் கொஞ்சம் நுட்பமானது. மணிக்கு 90 கி.மீ வேகத்தில் வரும் கார் பிரேக் போட்டு நிற்கிறது. வேகம் நொடிக்கு நொடி 5 மீ/நொடி வீதம் குறைகிறது. நிற்பதற்குள் எவ்வளவு தூரம் போகும்? வேகத்தின் வர்க்கத்தை முடுக்கத்தின் (வேகம் மாறும் வீதம், இங்கே 5) இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 90 × 90 ÷ 10 = 810 மீட்டர் என்று வந்தால், மாற்ற மறந்திருக்கிறீர்கள். 25 மீ/நொடி என்று மாற்றிப் போட்டால் 625 ÷ 10 = 62.5 மீட்டர். இங்கே 5/18-ஐத் தலைகீழாகப் போடவில்லை. ஒரே ஒரு தடவைதான் மறந்தோம். ஆனால் சூத்திரத்தில் வேகம் இரண்டு முறை வருவதால் 3.6-உம் இரண்டு முறை வந்துவிட்டது.

ஆகவே 12.96 வந்தால் முதலில் சூத்திரத்தைப் பாருங்கள். வர்க்கம் இருந்தால் மாற்ற மறந்தது. இல்லையென்றால் தலைகீழ்.

இதன் தம்பி ஒருவர் உண்டு: 12,960. முடுக்கத்தைக் கி.மீ, மணி என்ற கணக்கில் எழுதப் போனால் வருவது. நொடிக்கு நொடி 1 மீ/நொடி என்பது மணிக்கு மணி 12,960 கி.மீ/மணி. நேரம் அங்கே இரண்டு தடவை கீழே இருப்பதால் 3600-ஆல் ஒரு முறை கூடுதலாகப் பெருக்க வேண்டியிருக்கிறது. 3.6-ஐயும் 3600-ஐயும் பெருக்குவதால்தான் அதே இலக்கங்கள்.

60, 3600, 1000, 16.67: பாதி மாற்றிப் பாதியில் விட்டது

ஒருவர் 1.5 கி.மீ தூரத்தை 20 நிமிடத்தில் நடந்தார், வேகம் என்ன? 1.5 ÷ 20 = 0.075. புத்தகம் 4.5 என்கிறது. 60 மடங்கு வித்தியாசம்.

கவனியுங்கள், 0.075 தப்பான எண்ணே அல்ல. நிமிடத்துக்கு 0.075 கி.மீ என்பது முழுக்க உண்மை. பக்கத்தில் "கி.மீ/மணி" என்று எழுதியதுதான் தப்பு. அதே ஆள் தூரத்தை மட்டும் மீட்டராக்கி 1500 ÷ 20 = 75 என்று போட்டால் அதுவும் உண்மைதான், நிமிடத்துக்கு 75 மீட்டர். 75 ÷ 4.5 = 16.67. இந்த 16.67 என்பது 1000 ÷ 60. இப்படி ஒரு எண் வந்தால், தூரத்தை மாற்றிவிட்டு நேரத்தை அப்படியே விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்து குழந்தைகள் அதிகமாக விழும் குழி இதுதான். பாதி வேலை செய்திருப்பதால் முழுதும் செய்ததாக ஒரு திருப்தி வந்துவிடுகிறது.

1000 மடங்குப் பிழை ஒளியின் கணக்கில் அடிக்கடி வரும். சூரியனிலிருந்து பூமிக்கு ஏறக்குறைய 15 கோடி கி.மீ. ஒளியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 30 கோடி மீட்டர். 15-ஐ 30-ஆல் வகுத்தால் அரை நொடி. கோடியும் கோடியும் அடிபட்டதில் சந்தோஷப்பட்டு, கிலோமீட்டரும் மீட்டரும் அடிபடவில்லை என்பதைக் கவனிக்காமல் விட்டோம். ஒளியின் வேகத்தை நொடிக்கு 3 லட்சம் கி.மீ என்று எழுதுங்கள்: 15 கோடி ÷ 3 லட்சம் = 500 நொடி, அதாவது 8 நிமிடம் 20 நொடி. துல்லியமான தொலைவையும் 29,97,92,458 மீ/நொடி என்ற துல்லியமான வேகத்தையும் வைத்துப் போட்டால் 499 நொடி வரும்.

3600 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மணியும் நொடியும் நேருக்கு நேர் மோதியிருக்கின்றன; தூரத்தின் அலகில் பிரச்சினை இல்லை. கி.மீ/நொடியில் சொன்ன விண்கல வேகத்தைக் கி.மீ/மணிக்கு மாற்றும் இடங்களில் பாருங்கள்.

0.6 வந்தால், அல்லது விடை கொஞ்சமாகத் தப்பினால்: நிமிடத்தைத் தசமமாக எழுதியது

மேலே பார்த்தவை எல்லாம் பெரிய பிழைகள், கண்ணிலேயே தெரிந்துவிடும். இது பொல்லாதது. விடை நம்பும்படியாகவே இருக்கும்.

மணிக்கு 60 கி.மீ வேகத்தில் 2 மணி 30 நிமிடம் பயணம். 2.30 × 60 = 138 கி.மீ. சரியான விடை 150. வித்தியாசம் நூற்றுக்கு எட்டுதான், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கால்குலேட்டரில் 2.30 என்று தட்டியதும் அது 2.3 மணி என்று எடுத்துக்கொண்டுவிட்டது. நிமிடம் அறுபதில் புரளும், தசமம் பத்தில் புரளும். நடுவில் இருக்கும் புள்ளி இரண்டுக்கும் ஒரே மாதிரி தெரிவதுதான் வினை. கடிகார நேரத்தை 10.30 என்று புள்ளி வைத்தே எழுதிப் பழகிய நமக்கு இது இன்னும் எளிதாக நடக்கும்.

பயணம் ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால் இந்தப் பிழைக்கும் மாறாத எண் ஒன்று உண்டு: சரியாக 0.6. 30 நிமிடத்தை 0.30 என்று எழுதினாலும் (சரி 0.5), 45-ஐ 0.45 என்று எழுதினாலும் (சரி 0.75), 12-ஐ 0.12 என்று எழுதினாலும் (சரி 0.2) விகிதம் 0.6 தான். ஒரு மணியைத் தாண்டினால் முழு மணிகள் சரியாக எண்ணப்படுவதால் விகிதம் 1-ஐ நோக்கி நகர்ந்து, கணக்குக்குக் கணக்கு மாறும். 1 மணி 30 நிமிடத்துக்கு 0.867, 2 மணி 30 நிமிடத்துக்கு 0.92.

இதற்கு நல்ல மருந்து நம் வாயிலேயே இருக்கிறது. நேரத்தை எண்ணாகப் படிக்காமல் பேச்சில் சொல்லிப் பாருங்கள். "இரண்டரை மணி நேரம்" என்று சொன்ன பிறகு யாராலும் 2.3 என்று எழுத முடியாது. அரை என்றால் 0.5 என்று கை தானாகப் போகும். ஒன்றே கால் மணி 1.25. இரண்டே முக்கால் மணி 2.75. கால், அரை, முக்காலில் அடங்காத நிமிடமாக இருந்தால் 60-ஆல் வகுத்துவிடுங்கள்: 24 நிமிடம் = 24 ÷ 60 = 0.4.

திரும்பி வரும் வழியிலும் இதே பள்ளம் காத்திருக்கும். 168 கி.மீ தூரம், மணிக்கு 70 கி.மீ வேகம். 168 ÷ 70 = 2.4 மணி. "2 மணி 40 நிமிடம்" என்று எழுதினால் தப்பு. 0.4 × 60 = 24, ஆகவே 2 மணி 24 நிமிடம். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் 60-ஆல் பெருக்க வேண்டும்.

கடிகார நேரங்களைக் கழிக்கும்போது இதன் இன்னொரு முகம் தெரியும். 11:40-க்குக் கிளம்பி 13:15-க்குச் சேர்ந்தால் 1315 − 1140 = 175 நிமிடம் என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் 95 நிமிடம். கூடுதலாக வந்த 80 எங்கிருந்து? ஒவ்வொரு முழு மணியைத் தாண்டும்போதும் எண் 59-இலிருந்து 100-க்குத் தாவுகிறது. நடுவில் இல்லாத 40 நிமிடம் சேர்ந்துவிடுகிறது. நாம் 12-ஐயும் 13-ஐயும் தாண்டினோம், இரண்டு 40. ஆகவே உங்கள் பயண நேரம் 40, 80, 120 என்று கூடுதலாக இருந்தால் கழித்தலைப் பாருங்கள். படிப்படியாகத் தாவுவது பாதுகாப்பு: 11:40-இலிருந்து 12:00 வரை 20, 13:00 வரை 60, அப்புறம் 15.

இவை எதுவும் இல்லாமல் விடை நூற்றுக்கு ஒன்று மட்டும் தப்பியிருந்தால் நடுவில் எங்கோ தசமத்தை வெட்டியிருக்கிறீர்கள். 20 நிமிடத்தை 0.33 மணி என்று எழுதி 90-ஆல் பெருக்கினால் 29.7 வரும், 30 வராது. 1/3 என்றே வைத்துக்கொண்டு கடைசியில் வகுங்கள். 5/18-ஐ 0.28 என்று எழுதுவதும் இதே ரகம்.

ஓட்டக்காரர்களின் "பேஸ்": வேகத்தைத் தலைகீழாகச் சொல்வது

வேகத்தை எப்படிச் சொல்கிறோம் என்று பாருங்கள்: "மணிக்கு 60 கிலோமீட்டர்". தமிழில் கீழே எழுத வேண்டிய மணி முதலில் வருகிறது, மேலே எழுத வேண்டிய கிலோமீட்டர் பின்னால் வருகிறது. கேட்ட வரிசையிலேயே எழுதினால் மணி/கி.மீ என்று போய்விடும். குழப்பமே வேண்டாம்: "க்கு" எதனோடு ஒட்டியிருக்கிறதோ அது கீழே. "மணிக்கு" என்றால் மணி கீழே.

இப்போது ஓடுகிறவர் ஒருவர் "கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிடம்" என்கிறார். "க்கு" கிலோமீட்டரோடு ஒட்டியிருக்கிறது, கிலோமீட்டர் கீழே. இது வேகம் அல்ல, வேகத்தின் தலைகீழ். எண் கூடினால் ஆள் மெதுவாக ஓடுகிறார் என்று அர்த்தம். வேகம் வேண்டுமென்றால் 60 ÷ 5.5 = 10.9 கி.மீ/மணி. கைக்கடிகாரத்தில் இது 5:30 என்று தெரியும். அதைப் பார்த்து 60 ÷ 5.30 என்று போட்டால் 11.3 வரும். முந்தைய பகுதியின் வியாதி இங்கேயும் தொற்றிவிட்டது.

முழுதாக ஒன்று போட்டுப் பார்க்கலாம். 2023-இல் சிகாகோ மாரத்தானில் கெல்வின் கிப்டம் 42.195 கி.மீ தூரத்தை 2 மணி 0 நிமிடம் 35 நொடியில் ஓடினார். மணி, நிமிடம், நொடி மூன்றும் கலந்து வரும்போது எல்லாவற்றையும் நொடிக்கு இறக்கிவிடுவதே நல்லது: 7200 + 0 + 35 = 7235 நொடி. தூரம் 42,195 மீட்டர். 42,195 ÷ 7235 = 5.83 மீ/நொடி. 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு 21 கி.மீ. பேஸ் வேண்டுமென்றால் 7235 ÷ 42.195 = 171.5 நொடி, அதாவது கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 51.5 நொடி.

1.609, 1.852, 1.15: மைல்கள்

1.609 வந்தால் மைலையும் கிலோமீட்டரையும் கலந்திருக்கிறீர்கள். ஒரு மைல் சரியாக 1.609344 கி.மீ, 1959-இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட அளவு. மனக்கணக்குக்கு 8/5 போதும்.

1.852 வந்தால் அது கடல் மைல், 1852 மீட்டர். கப்பல், விமானம், காற்றின் வேகம் எல்லாம் "நாட்" என்ற அலகில் வரும். 1 நாட் என்றால் மணிக்கு 1 கடல் மைல். நாட் என்ற சொல்லுக்குள்ளேயே மணி இருக்கிறது. "மணிக்கு 20 நாட்" என்று எழுதினால் நேரம் இரண்டு முறை கீழே வந்து அது முடுக்கம் மாதிரி ஆகிவிடும். 20 நாட் என்றால் மணிக்கு 37 கி.மீ, அவ்வளவுதான். இரண்டு மைல்களையும் ஒன்று என்று நினைத்துப் போட்டால் 1.15 மடங்கு தப்பும்.

இடி மின்னலில் ஒரு வேடிக்கை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணிய நொடிகளை 5-ஆல் வகுக்கச் சொல்லும் குறிப்பைப் படித்துவிட்டு, வந்த விடையைக் கிலோமீட்டர் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தக் குறிப்பு மைலுக்கானது. 20 டிகிரி செல்சியஸ் காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. ஒரு கிலோமீட்டர் போக மூன்று நொடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். 9 நொடி எண்ணினால் இடி 3 கி.மீ தள்ளி விழுந்திருக்கிறது, 1.8 என்று நினைத்துக்கொண்டவர் தேவைக்கு மேல் பயப்படுகிறார். இடியைப் பொறுத்தவரை அந்தப் பக்கம் தப்புவதில் நஷ்டமில்லை.

எண் எதிலும் சேராமல் நின்றால்: அலகில் பிழை இல்லை

1.5, 0.96, 1.28 என்று ஏதேதோ வருகிறது, மேலே சொன்ன எதிலும் அடங்கவில்லை. கேள்வியில் உள்ள வேகத்தையோ தூரத்தையோ இரண்டு மடங்காக்கி, சரி என்று நம்பும் வழியிலும் உங்கள் வழியிலும் மறுபடி போட்டுப் பாருங்கள். அலகை மாற்ற மறந்த பிழையாக இருந்தால் விகிதம் அசையாது. விகிதமும் சேர்ந்து மாறினால் கணக்கைப் புரிந்துகொண்டதில்தான் கோளாறு. (கடிகாரத் தசமப் பிழை மட்டும் இதற்கு விலக்கு, அது முன்பே சொன்ன மாதிரி நேரத்துக்கு நேரம் மாறும்.)

வழக்கமாக மாட்டுபவர்கள் மூவர்.

150 மீட்டர் நீள ரயில் மணிக்கு 54 கி.மீ வேகத்தில் 300 மீட்டர் பாலத்தைக் கடக்க எவ்வளவு நேரம்? 15 மீ/நொடி என்று சரியாக மாற்றிவிட்டு 300 ÷ 15 = 20 நொடி என்று எழுதினால் தப்பு. எஞ்சின் பாலத்தைவிட்டு வெளியே வந்தபோதும் கடைசிப் பெட்டி பாலத்தின் மேல்தான் இருக்கிறது. ரயிலின் நீளமும் சேர்ந்து 450 ÷ 15 = 30 நொடி. கம்பத்தைக் கடக்கும் கணக்கில் ரயிலின் நீளம் மட்டுமே தூரம்.

போகும்போது மணிக்கு 60, திரும்பும்போது மணிக்கு 40 கி.மீ என்றால் சராசரி 50 அல்ல, 48. 120 கி.மீ தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: போக 2 மணி, வர 3 மணி, மொத்தம் 240 கி.மீ, 5 மணி. மெதுவாக வந்ததில்தான் அதிக நேரம் கழிந்தது; அதற்கு எடை கூட. மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுக்காமல் எந்தச் சராசரி வேகத்தையும் நம்பாதீர்கள்.

மூன்றாவது, அலகுப் பிழையும் கருத்துப் பிழையும் கலந்த பிறவி. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள், ஒன்று மணிக்கு 54 கி.மீ, மற்றது நொடிக்கு 10 மீட்டர். 54 + 10 = 64 என்று கூட்டிவிட்டால் விகிதத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் பாதி எண்தான் தப்பான அலகில் இருக்கிறது. பெருக்கலும் வகுத்தலும் அலகுகள் வேறாக இருந்தாலும் நடக்கும். கூட்டலும் கழித்தலும் நடக்கவே நடக்காது. கூட்டல் குறி போடும் முன் இரண்டு பக்கமும் ஒரே அலகா என்று பாருங்கள். 15 + 10 = 25 மீ/நொடி.

ஒப்பிட்டுப் பார்க்க விடையே இல்லையென்றால்

தேர்வில் பின்பக்கம் கிடையாது. அங்கே விடையைத் தெரிந்த வேகத்தோடு ஒப்பிட வேண்டியதுதான். நடப்பவர் மணிக்கு 5 கி.மீ, அதாவது நொடிக்கு 1.4 மீட்டர். உலகின் மிக வேகமான மனிதர் 100 மீட்டர் முழுவதற்கும் சராசரியாக நொடிக்கு பத்தரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, மணிக்கு 37.6 கி.மீ. மணிக்கு 100 கி.மீ ஓடும் கார் நொடிக்கு 28 மீட்டர் போகும். ஒலி மணிக்கு 1235 கி.மீ. சர்வதேச விண்வெளி நிலையம் நொடிக்கு ஏறக்குறைய 7.66 கி.மீ, மணிக்கு ஏறக்குறைய 27,600 கி.மீ. இந்த ஐந்தையும் தெரிந்து வைத்திருந்தால் நடப்பவர் காரை முந்தும் விடைகள் கையைவிட்டுப் போகாது. சின்னப் பிழைகளை இது பிடிக்காது. அதற்கு அலகுகளை வரி வரியாக எழுதி அடித்துப் பார்ப்பதுதான் வழி.

எல்லாம் சரி, ஆனாலும் 3.6 வருகிறது

அலகுகளை வரி வரியாக எழுதிவிட்டீர்கள், ஒவ்வொன்றும் ஒழுங்காக அடிபட்டது, கேட்ட அலகு மிஞ்சியது, ஆனாலும் புத்தகத்தின் விடைக்கும் உங்கள் விடைக்கும் 3.6 மடங்கு. அப்போது புத்தகத்தைச் சந்தேகிக்கலாம். விடை எழுதியவரும் மறந்திருக்கலாம். சோதிக்க, புத்தகத்தின் விடையைக் கேள்விக்குள் திருப்பி வையுங்கள். மேலே பார்த்த ரயிலுக்கு விடை 1080 மீட்டர் என்று அச்சாகியிருந்தால், 15 நொடியில் 1080 மீட்டர் என்பது நொடிக்கு 72 மீட்டர், மணிக்கு 259 கி.மீ. கேள்வி 72 என்றது. அச்சுப் பிழையை ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போங்கள்.